கேட்காத ஓட்டு

ஹாலிஸ் பென்ராட் ஜனாதிபதி ஆகப்போவதில்லை என்பது ஐயோவாவில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆர்டித் ஸ்வெண்ட்சனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவள் அறுவடை முடிந்ததிலிருந்து அந்த மனிதருக்காக ஊர் ஊராக நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள்.

பென்ராட் மொன்டானாக்காரர். மாட்டு வைத்தியராக இருந்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குப் போனவர். அரசாங்கம் எதில் கை வைத்தாலும் அவருக்கு ஆகாது. வரி ஆகாது, மானியம் ஆகாது, கடல் தாண்டிப் போய்ப் போடுகிற சண்டை ஆகாது. அவையில் அவர் இதுவரை 'வேண்டாம்' என்று ஓட்டுப் போட்டதை எல்லாம் கொட்டினால் ஒரு தானியக் குதிர் நிறைந்துவிடும் என்று பத்திரிகைக்காரர்கள் கேலி செய்வார்கள். அதைக்கூட மன்னித்துவிடலாம். சோளத்தில் வடிக்கிற எத்தனாலைப் பெட்ரோலில் கலந்தே ஆகவேண்டும் என்ற சட்டத்தால் சோளம் விலை போகிற ஊரில், அந்தச் சோளத்தை நம்பியே வயிறு வளர்க்கிற ஜனங்களுக்கு எதிரில் நின்றுகொண்டு, அந்தச் சட்டத்தை எடுத்துவிடுவேன் என்று சொல்கிற ஆளை என்னவென்று சொல்வது?

டிசம்பரில் ஒரு மத்தியானம் அவரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்தபோது ஆர்டித் இதைப் பேசிப் பார்த்தாள்.

"டாக்டர், இன்னிக்கு எத்தனால் பத்திக் கண்டிப்பா கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"'படிப்படியா'ன்னு ஒரு வார்த்தை சேத்துக்கக் கூடாதா? படிப்படியா எடுப்பேன்னு சொன்னா, கேக்கறவங்களுக்குக் கொஞ்சம் இதமா இருக்கும்."

பென்ராட் நிஜமாகவே யோசித்தார். வெளியே பனி மூடிய வயல் ஓடிக்கொண்டிருந்தது. "சேத்துக்கலாம்மா," என்றார். "ஆனா நான் படிப்படியா எடுக்கப்போறதில்லையே. முதல் நாளே எடுத்துடுவேன்."

ஆர்டித்துக்கு அவரை அந்த இடத்திலேயே இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று வந்தது. நாற்காலி வாடகைக்கு எடுப்பவள் அவள், ஆள் சேர்ப்பவள் அவள், ஊரில் ஏச்சு வாங்குபவளும் அவள். இவருக்கு ஒரு வார்த்தையை வளைக்க முடியாதாம். ஆனால் வளைக்காத ஆள் என்பதால்தானே இவர் பின்னால் வந்தோம் என்ற நினைப்பும் கூடவே வந்தது. இறக்கிவிடாமல் வண்டியை ஓட்டினாள்.

அவள் வந்த காரணம் முடி. தேவாலயத்து அடித்தளத்தில் வாரம் ஒருநாள், முதியோர் இல்லத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஆர்டித் முடி வெட்டிவிடுவாள். காசு வாங்கமாட்டாள். வெட்டி முடித்துக் கழுத்தில் பவுடர் போட்டுக் கண்ணாடியைக் காட்டினால் அவர்கள் முகம் மலர்கிற அழகே போதும் அவளுக்கு. யாரோ மேலே எழுதிப் போட்டார்கள். உரிமம் இல்லாதவர் அடுத்தவர் தலையில் கத்தரி வைக்கக் கூடாது, பள்ளியில் சேர்ந்து படித்துத் தேறி வா என்று உத்தரவு வந்தது. அறுபதை நெருங்குகிறவள், மனைவியாகவும் தாயாகவும் ஒரு வீட்டுக்கே முடி வெட்டி வந்தவள், சின்னப் பெண்களோடு உட்கார்ந்து சீப்பு பிடிக்கப் படிக்க வேண்டுமாம். அவள் எல்லா அரசியல்வாதிக்கும் எழுதி முறையிட்டாள். எல்லோரிடமிருந்தும் அச்சடித்த நன்றி வந்தது. பென்ராட் மட்டும் தானே ஃபோன் எடுத்துக் கூப்பிட்டார். "இதை நிறுத்தச் சொல்ல அவங்க யாரு?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை நாற்காலி.

பிட்சா கடையின் பின்னறையில் அன்று பாதி நாற்காலி காலி. வந்தவர்களில் பாதிப்பேர் பிட்சாவுக்கு வந்தவர்கள். முன் வரிசையில் கோர்டி டீக்ஸ் கால் பரப்பி உட்கார்ந்திருந்தார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பென்ராட்டுக்கு அவரைப் போல் தொண்டை கிழியப் பேசுகிற ஆள் கிடையாது. வங்கியில் கணக்கு வைக்காதவர், காகிதப் பணத்தை நம்பாதவர், எந்தப் பட்டியலிலும் தன் பெயர் இல்லை என்று பெருமையடித்துக்கொள்கிறவர்.

கடைசி வரிசையில் எத்தனால் ஆலையின் பச்சைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தவன் டுவேன். ஆர்டித்தின் கணவன். அந்த ஆலையின் நிர்வாகக் குழுவில் இருப்பவன். கையைத் தூக்கி, யாரோ எவரோ போலக் கேட்டான்.

"எத்தனால் சட்டத்துல உங்க நிலை என்ன?"

"எடுத்துடுவேன்," என்றார் பென்ராட். "உங்க சோளம் நல்ல சோளம்னா அதை வாங்கச் சொல்லி யாரையும் சட்டம் போட்டு மிரட்ட வேண்டியதில்ல."

"நன்றி," என்று சொல்லிவிட்டு டுவேன் இன்னொரு துண்டு பிட்சா எடுத்துக்கொண்டான். முன்னால் இருந்த இருவர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு எழுந்து போனார்கள்.

பேச்சின் முடிவில் பென்ராட் வழக்கம்போல, "நான் நினைக்கிறது இதுதான். யாருக்கு ஓட்டுங்கறது உங்க இஷ்டம். அதைச் சொல்ல நான் யாரு?" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார். மற்ற வேட்பாளர்கள் இந்த இடத்தில் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பார்த்து, உங்க ஓட்டு எனக்கு வேணும் என்று உருகுவார்கள்.

கடைக்கார அம்மா லாவோன் மேசையைத் துடைத்துக்கொண்டே ஆர்டித்தைச் சீண்டினாள். ஆர்டித்தோடு ஒரே வகுப்பில் படித்தவள். கட்சியின் இந்த வட்டத்துக்குத் தலைவியும் அவள்தான்.

"ஏண்டி, இந்த மனுஷன் ஓட்டு கேக்கவே இல்லையே! பிட்சா எப்படி இருந்துதுன்னு கேக்கத்தான் வந்தாரா?"

"அவர் கேக்கமாட்டார். யாரையும் நெருக்கக் கூடாதுங்கறது அவர் கொள்கை," என்றாள் ஆர்டித். சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கிளம்புவதற்கு முன் பென்ராட் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் இங்க ஜெயிக்கமாட்டேன். நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். ஆனா கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கற கூட்டத்தன்னிக்கு, ஓட்டுச் சீட்டைப் போட்டதும் எல்லாரும் வீட்டுக்கு ஓடிடுவாங்க. மாவட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கறது அதுக்கு அப்புறம்தான். தீர்மானம் கொடுக்கறதும் அப்புறம்தான். நீங்க எழுந்து போயிடாதீங்க. உங்க முடி விஷயத்தை ஒரு தீர்மானமா எழுதிக் கையில வச்சுக்கங்க. பிரதிநிதியா நீங்களே போனீங்கன்னா அதை அங்க நின்னு படிக்கலாம். நான் போயிடுவேன், அது நிக்கும்."

அன்றிலிருந்து ஆர்டித்துக்கு ஜனாதிபதி நாற்காலியைவிட அந்த மாநாட்டு நாற்காலிதான் பெரிதாகிவிட்டது. வட்டத்துக்கு இரண்டு பிரதிநிதிகள். ஒன்று லாவோன். இன்னொன்று, எத்தனையோ வருஷமாக, எதிர்ப்பே இல்லாமல், டுவேன். எத்தனாலுக்காகப் பேச அவன்தான் போய்வருவான்.

இதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று அவள் தினமும் நினைத்தாள். பென்ராட்டோடு அதே போட்டியில் முன்னணியில் நின்ற ஒரு கவர்னருக்கு ஓட்டுக் கேட்டு வீட்டுக்கு ஃபோன் வந்துகொண்டே இருந்தது. டுவேன் அடுப்படியில் நின்று பொறுமையாகப் பேசுவான். அவள் பக்கத்திலேயே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பாள். இவனும் அவன் பங்குக்குச் சுதந்திர மனுஷன், பெண்டாட்டி என்பதற்காக அவனை நெருக்கக் கூடாது என்று வாயைத் திறக்கமாட்டாள். ஓட்டும் கேட்கவில்லை, நாற்காலியும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதுதான் மரியாதை என்று மனதார நம்பினாள்.

கூட்டத்தன்று காலையிலிருந்தே பனி கொட்டியது. சாயங்காலம் பள்ளிக்கூடத்து உணவுக்கூடத்தில் ஊரே கூடியது. அரிசிப்பொரியில் கடலைவெண்ணெய் கலந்து சாக்லேட் பூசிய வில்லைகள் தட்டுத் தட்டாக வந்து இறங்கின. வாசலில் லாவோன் மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். கட்சியில் பதிந்தவர்தான் ஓட்டுப் போடலாம். பதியாதவர் அங்கேயே பதிந்துகொள்ளலாம்.

கோர்டி மேசைக்கு முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எதுக்குக் கையெழுத்து?"

"ஓட்டுப் போடத்தான், கோர்டி."

"என் பேரு உங்க லிஸ்ட்ல ஏறணும், அப்பத்தான் எனக்கு வாய் இருக்குன்னு ஒத்துப்பீங்க, அப்படித்தானே? முடியாது. நான் எந்தக் கட்சிக்கும் மாடு இல்ல, காதுல தோடு குத்திவிட."

"அப்ப ஓட்டும் இல்ல. ஒரு வில்லை எடுத்துக்கிட்டு ஓரமா நில்லுங்க. பின்னால ஆள் நிக்குது."

ஆர்டித் ஓடி வந்தாள். "கோர்டி, இத்தனை மாசம் இவருக்காகத் தொண்டை வத்தக் கத்தினீங்களே!"

"அதனாலதான்மா," என்றார் கோர்டி. அவர் முகத்தில் விளையாட்டே இல்லை. "டாக்டர் சொன்னதை நான் நம்பறேன். நம்பறவன் எப்படிக் கையெழுத்துப் போடுவான்?"

பென்ராட்டின் மிகப் பெரிய பக்தர் பென்ராட்டின் கொள்கையாலேயே பென்ராட்டுக்கு ஓட்டுப் போடாமல் கதவோரத்தில் போய்ச் சாய்ந்துகொண்டார். ஆர்டித்துக்கு அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அந்த வில்லைத் தட்டால் தலையில் ஒன்று போடவும் தோன்றியது.

வேட்பாளருக்கு ஒருவர் எழுந்து பேச வேண்டும். கவர்னருக்காக ஆலை மேலாளர் பேசினார், நன்றாகவே பேசினார். பென்ராட்டுக்காக ஆர்டித் எழுந்தாள். எதிரில் இருந்த தலைகளில் கால்வாசி அவள் கத்தரி பட்டவை. அதனால் முடியைப் பற்றிச் சொன்னாள். அடித்தளத்தில் காலியாகக் கிடக்கும் நாற்காலியைப் பற்றிச் சொன்னாள். எத்தனால் பற்றி யாரோ கத்திக் கேட்டபோது, "ஆமா, எடுத்துடுவார். முதல் நாளே," என்றாள். கூடம் முனகியது. கடைசியில் அவர் பாணியிலேயே, "உங்க இஷ்டம்," என்று சொல்லி உட்கார்ந்தாள்.

சீட்டுகளை எண்ணினார்கள். கவர்னர் அள்ளிக்கொண்டு போனார். பென்ராட்டுக்கு விழுந்ததை எண்ண ஒரு கை போதும்.

லாவோன் முடிவைச் சொல்லி வாய் மூடுவதற்குள் நாற்காலிகள் கரகரவென்று பின்னால் நகர்ந்தன. பனி, இருட்டிய சாலை, வீட்டில் டிவி. ஆலை மேலாளரும் போனார். சற்று நேரத்தில் கூடத்தில் லாவோன், டுவேன், ஆர்டித், கதவில் சாய்ந்த கோர்டி, இவ்வளவு பேர்தான். டுவேன் வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"கவர்னருக்குத்தானே போட்ட?" என்று கேட்டாள் ஆர்டித்.

"ஆமா."

"தெரியும்."

"என்ன தெரியும் உனக்கு?" டுவேன் சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினான். "கவர்னரோட ஆளுங்க திரும்பத் திரும்ப ஃபோன் பண்ணிக் கேட்டாங்க. அந்த மனுஷனே ஆலைக்கு வந்து என் கையைப் பிடிச்சுக் கேட்டாரு. உங்க டாக்டர் கேக்கல. சரி, அவரு அப்படி. நீ? ஒரே அடுப்படியில நின்னுக்கிட்டு, ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, என்னைக் கேட்டியா?"

"உன்னை நெருக்கக் கூடாதுன்னு..."

"கேக்கறது நெருக்கறதா? முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா என் பெண்டாட்டி என்கிட்ட கேட்டாங்கற ஒண்ணாவது இருந்திருக்கும். ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் நாற்காலி போட்ட. உனக்கு நான் ஒரு ஓட்டாக்கூடத் தெரியலையோன்னு எனக்குத் தோணிச்சு."

ஆர்டித்துக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் மரியாதை என்று அவள் ஊட்டி வளர்த்தது அவனுக்கு அலட்சியமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கண் கலங்கியது. அழுவதற்கு நேரமில்லை. லாவோன் பேனாவைத் திறந்துவிட்டாள்.

"சீக்கிரம் முடிச்சுக்கலாம். பிரதிநிதி ரெண்டு பேர். நான் ஒண்ணு, வழக்கம்போல டுவேன் ஒண்ணு. ஆட்சேபணை இல்லையே?"

"இருக்கு," என்றாள் ஆர்டித்.

"என்னடி இருக்கு?"

"அந்த இடத்துக்கு நான் நிக்கறேன்."

லாவோன் அவளைப் பார்த்தாள், டுவேனைப் பார்த்தாள். "புருஷனுக்கு எதிராவா? வீட்டுல பேசிக்கிட்டு வர்றதில்லையா இதெல்லாம்?"

"வீட்டுல பேசாதது என் தப்பு. இங்க பேசறேன்."

"சரி. உன்னை நீயே முன்மொழிஞ்சுக்கலாம். வழிமொழிய ஆள் வேணும். நான் தலைவி, நான் பண்ணக் கூடாது. பதிஞ்ச ஆளா இருக்கணும்."

ஆர்டித் கதவுப் பக்கம் நடந்தாள். இதுவரை யாரிடமும் கேட்காதவள் கேட்டாள். "கோர்டி, எனக்காக ஒரு கையெழுத்துப் போடுவீங்களா? நாளைக்கே போய்ப் பேரை அடிச்சுடுங்க. இன்னிக்கு ஒரு நாள்."

கோர்டியின் ஒரு கை ஜாக்கெட் பையிலிருந்து பாதி வெளியே வந்தது, பிறகு உள்ளே போய்விட்டது. "கேட்டதுக்கு ரொம்ப நன்றிம்மா," என்றார். "ஆனா மாட்டேன்."

"சரி," என்றாள். அது அவர் உரிமை. அவர் மேல் அவளுக்குக் கோபம் வராதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

திரும்பி வந்து டுவேனுக்கு எதிரில் நின்றாள். "டுவேன், உன் நாற்காலி எனக்கு வேணும். நீதான் வழிமொழியணும். கேக்கறேன்."

டுவேன் தொப்பியின் முனையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். வெளியே பனி வாரும் வண்டி சத்தமாகக் கடந்து போயிற்று. "ஒரு நிபந்தனை," என்றான். "அங்க எத்தனால் பேச்சு வந்தா நீ வாய் திறக்கக் கூடாது. முடியைப் பத்தி என்ன வேணும்னாலும் பேசு."

தலையாட்டினால் போதும், நாற்காலி அவளுடையது. வாயில் 'சரி' என்ற சொல் வந்து நின்றுவிட்டது. படிப்படியாக என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தான் கெஞ்சியதும், அந்த மனிதர் நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டு மறுத்ததும் ஞாபகம் வந்தது.

"முடியாது, டுவேன். நானா கிளப்பமாட்டேன். ஆனா யாராவது கேட்டா நான் நினைக்கறதைச் சொல்லுவேன்."

"அப்ப நாற்காலி போனா போகட்டுமா?"

"போனா போகட்டும்."

லாவோன் பேனாவைக் காற்றில் பிடித்தபடி இருந்தாள். டுவேன் மனைவியை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு மூக்கால் சிரித்தான்.

"தெரியும், நீ இப்படித்தான் சொல்லுவேன்னு. சும்மா கேட்டுப் பாத்தேன். கேக்கறதுல என்ன வந்துச்சு?" தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். நரைத்த முடி, காதோரம் பிசிறில்லாமல் வெட்டியது. "லாவோன், எழுதிக்க. என் பேரை அடிச்சுட்டு இவ பேரை எழுது. நான் வழிமொழியறேன். எத்தனாலுக்குப் பேச அங்க மண்டபம் நிறைய ஆள் இருக்கு. இந்த முடி விஷயத்துக்கு இவ ஒருத்திதான். அப்புறம், அந்தத் தீர்மானம் எங்க? அதையும் நானே வழிமொழியறேன். இந்தத் தலையைப் பாரு, கல்யாணம் ஆன நாளிலேருந்து உரிமம் இல்லாதவ கை பட்ட தலை. பிடிக்கறதுன்னா ரெண்டு பேரையும் சேத்துப் பிடிக்கட்டும்."

"எங்கப்பாவோட தலையும்தான்," என்றாள் லாவோன். இல்லத்தில் இருந்த அவள் அப்பாவுக்குக் கடைசியாக முடி வெட்டியது ஆர்டித்தான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுதினாள். கதவோரத்தில் கோர்டி தனியாகக் கை தட்டினார். பதியாதவர் கை தட்டக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

பிக்கப் வண்டி சூடேறும்வரை உள்ளே உட்கார்ந்திருந்தபோது ஆர்டித் பென்ராட்டைக் கூப்பிட்டாள். அவர் விமான நிலையத்தில் இருந்தார், அடுத்து ஓட்டு நடக்கிற மாநிலத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அவள் இடம் கிடைத்ததைச் சொன்னாள். அவர் பெரிதாகச் சந்தோஷப்பட்டார்.

"டாக்டர், ஒரு விஷயம்," என்றாள். "அங்க பேசி முடிச்சதும் ஓட்டுக் கேளுங்க. வாய் விட்டுக் கேளுங்க. இல்லேன்னா ஜனங்க தங்களை நீங்க மதிக்கலைன்னு நினைச்சுக்கறாங்க."

"இது உத்தரவாம்மா?" என்றார் பென்ராட்.

"இல்ல டாக்டர். கேக்கறேன்."

"அப்படின்னா யோசிக்கறேன்."

டுவேன் தொப்பியைப் பின் இருக்கையில் எறிந்துவிட்டு வண்டியை எடுத்தான். "மாநாட்டுக்கு முன்னாடி எனக்கு முடி வெட்டிவிடு," என்றான். "நானும் வர்றேன், சும்மா பாக்க. வரலாமா?"

"கேட்டுட்டல்ல, வா," என்றாள் ஆர்டித்.